பிள்ளை மனம் திறக்கும் அந்தப் பத்து நிமிஷம்

ராத்திரிச் சாப்பாடு முடிந்தாயிற்று. வீட்டுக்காரர் கூடத்தில் டி.வி. பார்த்துக் கொண்டிருக்கிறார். நீங்கள் அடுப்படியைத் துடைத்துவிட்டு, நாளைய இட்லிக்கு அரைத்த மாவை வழித்துப் பாத்திரத்தில் எடுத்து வைக்கிறீர்கள். காலேஜில் படிக்கும் மகன் வந்து கதவோரமாக நிற்கிறான். தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி இருக்கிறது. ஆனால் குடித்த பிறகும் போகவில்லை.

“என்னடா?”

“ஒண்ணுமில்லம்மா.”

இன்னும் நிற்கிறான். டம்ளரைக் கையில் உருட்டிக் கொண்டே, “அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது” என்கிறான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறான்: “எனக்குப் பொண்ணுங்க மேல ஆசையே வரலைம்மா. பையங்க மேலதான் வருது. ரொம்ப நாளாவே அப்படித்தான். மாத்திக்கப் பார்த்தேன். முடியலை.”

இப்படியொரு ராத்திரி எல்லார் வீட்டிலும் வரும் என்று நான் சொல்ல வரவில்லை, சகோதரிகளே. ஆனால் வருகிற வீட்டில் அது சொல்லிக் கொண்டு வராது. மகனுக்குப் பதில் மகளாக இருக்கலாம். “நான் பையனா பிறந்திருந்தாலும் உள்ளுக்குள்ள பொண்ணுதாம்மா” என்று சொல்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் பெற்றவள் வாயிலிருந்து என்ன வரும்?

“ஐயோ, இது என்னடா அசிங்கம்!” என்று வரலாம். “அப்பா காதுல விழுந்தா உயிரை விட்டுடுவார்” என்று வரலாம். “நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்றோ, “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்” என்றோ வரலாம். எல்லாமே பயத்தில் வருகிற வார்த்தைகள்தாம். பெற்ற வயிறு பதறத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பத்து நிமிஷமும், அதற்குப் பின்னால் வருகிற நாட்களும் ஒரு பிள்ளையின் மனநலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த அந்த ஆராய்ச்சி, ஐம்பது வருஷம் சுற்றி வந்து, கடைசியில் நம்முடைய அடுப்படி வாசலில் வந்து நின்றிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலில் வார்த்தைகளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஆணுக்கு ஆண் மேலும், பெண்ணுக்குப் பெண் மேலும் ஈர்ப்பு இருந்தால் அதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. முன்னது யாரிடம் மனம் போகிறது என்கிற விஷயம். பின்னது தான் யார் என்கிற விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

இந்தப் பிரிவினரிடையே மனச்சோர்வு, படபடப்பு, தற்கொலை எண்ணம் ஆகியவை மற்றவர்களைவிட அதிகமாக இருக்கின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. “பார்த்தீங்களா? அதனாலதான் சொல்றோம், இது ஒரு வியாதின்னு!” என்று சிலர் உடனே குதித்து எழுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சந்தேகம் விஞ்ஞானிகளுக்கும் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால்...

ஓர் ஊரில் எத்தனை பேர் நோயாளிகள் என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். என்ன முடிவு வரும்? ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்றுதான் வரும்!

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் பலர் செய்தது இதைத்தான். மன வைத்தியத்துக்கு வந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும் மட்டுமே பார்த்துவிட்டு, தன்பாலீர்ப்பு என்பதே மனநோய் என்று முடிவு கட்டினார்கள். 1952-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலிலும் அது ஏறிவிட்டது.

இந்தத் தவற்றைப் பிடித்தவர் ஒரு பெண்மணி. கலிபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் ஈவ்லின் ஹூக்கர். 1907-ல் பிறந்தவர், மனோதத்துவம் கற்பித்து வந்தவர். அவருடைய பழைய மாணவர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர். தன் நண்பர்களையும் அறிமுகப்படுத்தி வைத்து, “எங்களைப் போன்றவர்களை நீங்கள் ஆராய வேண்டும்” என்று அந்த மாணவர் வற்புறுத்தினார். ஹூக்கர் பார்த்தார். இவர்கள் வேலைக்குப் போகிறார்கள், சிரிக்கிறார்கள், விருந்து வைக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லை. அப்படியானால் புத்தகத்தில் எழுதியிருப்பது யாரைப் பற்றி?

1950-களில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சிகிச்சையில் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுக்கு ஈடாக, அதே வயது, அதே படிப்பு, அதே அறிவுத்திறன் கொண்ட வேறு 30 ஆண்களைத் தேடிப் பிடித்தார். அன்றைய கலிபோர்னியாவில் தன்பாலீர்ப்பு உறவு சட்டப்படி குற்றம். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், மானம் போகும். அதனால் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த தனி அறையிலேயே, வெளியார் கண்ணில் படாமல் அவர்களைச் சந்தித்தார்.

அறுபது பேருக்கும் மனோதத்துவப் பரிசோதனைகள் நடந்தன. மைக் கறையைக் காட்டி, “இதில் என்ன தெரிகிறது?” என்று கேட்கும் பரிசோதனை அவற்றில் ஒன்று. பதில்களைப் பெயர் இல்லாமல், வெறும் நம்பர் மட்டும் போட்டு, அந்தத் துறையில் கரைகண்ட நிபுணர்களிடம் கொடுத்தார். பப்ளிக் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார்களே, அதே முறைதான். “இதில் யார் தன்பாலீர்ப்பாளர் என்று பிரித்துக் காட்டுங்கள்” என்றார்.

நிபுணர்களால் முடியவில்லை! காசைச் சுண்டிவிட்டுச் சொல்வதைவிட அவர்கள் பிரித்தது தேறவில்லை. மன ஆரோக்கியத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. 1956-ல் சிகாகோ நகரில் நடந்த மனோதத்துவ மாநாட்டில் ஹூக்கர் இதை வாசித்தார். 1957-ல் அச்சில் வந்தது.

அதன் பிறகும் பதினாறு வருஷம் பிடித்தது. 1973-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் எடுத்தது. திருநங்கையர், திருநம்பியர் விஷயத்தில் 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற புதிய பட்டியல், அவர்கள் நிலையை மனநோய் என்ற தலைப்பிலிருந்தே மாற்றிவிட்டது.

அப்படியானால் வேதனை எங்கிருந்து வந்தது?

நோய் இல்லை என்றால், மனச்சோர்வு மட்டும் ஏன் அதிகமாக இருக்கிறது? நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடியவர் இலான் மேயர் என்ற ஆராய்ச்சியாளர்.

“மடியில் கனம், வழியில் பயம்” என்பார்கள் பெரியவர்கள். மடியில் பணத்தை முடிந்துகொண்டு தனி வழியில் நடக்கிறவளுக்கு ஒவ்வொரு புதரும் திருடனாகத் தெரியும். திருடன் வரவே இல்லை என்றாலும், ஊர் போய்ச் சேரும்போது அவள் அரை உயிராக இருப்பாள். ஒரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க, வருஷம் முழுக்க நடக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கேலி ஒரு பாரம். இன்றைக்குக் கேலி செய்வார்களோ என்று எதிர்பார்த்தே இருப்பது இன்னொரு பாரம். பேச்சை, நடையை, பார்வையை மறைத்துக் கொண்டே இருப்பது மூன்றாவது. ஊர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, “நான் கெட்டவன்தான் போலிருக்கு” என்று தானே நம்ப ஆரம்பிப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பாரம்.

மேயர் நியூயார்க் நகரில் 741 ஆண்களிடம் விசாரித்து, 1995-ல் இதை எழுதினார். இந்தப் பாரங்கள் அதிகமாக இருந்தவர்களிடம் மன வேதனையும் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. 2003-ல் அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறுக்கு ஆளாகும் வாய்ப்பு இவர்களுக்குச் சுமார் இரண்டரை மடங்கு இருப்பதாகத் தெரிந்தது. காரணம் அவர்கள் பிறவியில் இல்லை. சுற்றியிருப்பவர்கள் தலையில் ஏற்றிய சுமையில் இருக்கிறது என்பது மேயரின் விளக்கம்.

“அது சரி, அவர் சொல்லிட்டா ஆச்சா? சாட்சி வேண்டாமா?” என்று கேட்கிறீர்களா? சாட்சியும் கிடைத்தது, எதிர்பாராத இடத்திலிருந்து.

2004, 2005 வருஷங்களில் அமெரிக்காவில் சில மாநிலங்கள் ஓட்டெடுப்பு நடத்தி, ஒரே பாலினத் திருமணத்துக்குத் தடை கொண்டு வந்தன. தற்செயலாக, அதற்கு முன்பும் பின்பும் 34,000-க்கும் மேற்பட்டவர்களின் மனநலத்தை ஒரு தேசியக் கணக்கெடுப்பு பதிவு செய்திருந்தது. மார்க் ஹாட்ஸன்ப்யூலர் என்ற ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்டார். தடை வந்த மாநிலங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பாளர்களிடையே மனச்சோர்வு போன்ற கோளாறுகள் சுமார் 37 சதவிகிதம் கூடியிருந்தன. தடை வராத மாநிலங்களில் அப்படிக் கூடவில்லை. அதே மனிதர்கள், அதே ஈர்ப்பு. மாறியது ஊரார் பேச்சும் சட்டமும்தான்.

வீட்டுக்குள் நுழைந்தது ஆராய்ச்சி

ஊர் பேசுவது இருக்கட்டும். வீடு? டாக்டர் கெய்ட்லின் ரயன் என்பவர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில், குடும்பங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படி நடத்துகின்றன என்பதைப் பற்றியே ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கினார். பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசி, நூற்றுக்கும் மேற்பட்ட தினசரிச் செயல்களைப் பட்டியல் போட்டார்கள். அடித்தது, வீட்டை விட்டுத் துரத்தியது மட்டுமில்லை, “நீ ஒழுங்கா நடந்தா ஏன் கேலி பண்றாங்க?” என்று பிள்ளையையே குற்றம் சொன்னது, சிநேகிதர்களைப் பார்க்க விடாதது, விசேஷ வீட்டுக்கு அழைத்துப் போகாமல் விட்டது, “இதை யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்று வாயை அடைத்தது, எல்லாம் பட்டியலில் உண்டு.

21 வயதிலிருந்து 25 வயது வரையுள்ள 224 பேரிடம், விடலைப் பருவத்தில் வீட்டில் இவையெல்லாம் எவ்வளவு நடந்தன என்று கேட்டார்கள். முடிவு 2009-ல் வெளிவந்தது. வீட்டில் ரொம்பவும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள், அப்படி ஒதுக்கப்படாத அல்லது மிகக் குறைவாக ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைவிட, தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு 8.4 மடங்கு. கடும் மனச்சோர்வு 5.9 மடங்கு. போதைப் பொருள் பழக்கம் 3.4 மடங்கு.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே ஒப்பிட்டது இவர்களையும் மற்றவர்களையும் இல்லை. இரண்டு பக்கமும் இப்படிப்பட்ட பிள்ளைகள்தாம். வித்தியாசம், எந்த வீட்டில் வளர்ந்தார்கள் என்பதில்தான் இருந்தது. எனக்கு இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

அந்தப் பெற்றோர் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்களா? இல்லவே இல்லை. அவர்களில் பலர் பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள் என்கிறார் ரயன். கண்டித்தால் திருந்துவான், சிநேகிதத்தை வெட்டினால் மறந்துவிடுவான் என்று நம்பினார்கள். பிள்ளைக்கோ அது, “அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலை” என்று மட்டுமே கேட்டது.

“கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினா சரியாயிடாதா?”

நம் பக்கத்தில் இது உடனே வருகிற யோசனை. டாக்டரிடம் காட்டலாம், மந்திரித்துக் கயிறு கட்டலாம், கோவிலில் நேர்ந்து கொள்ளலாம் என்று ஆளாளுக்கு வழி சொல்வார்கள். பிள்ளையின் இயல்பை மாற்றுவதற்காகச் செய்யும் முயற்சிகள் என்ன பலன் தந்தன என்பதையும் ரயன் குழுவினர் 245 பேரிடம் கேட்டு, 2018-ல் வெளியிட்டார்கள்.

அப்படி எந்த முயற்சியும் நடக்காத பிள்ளைகளில் 22 சதவிகிதம் பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். அதுவே வருத்தமான எண்ணிக்கைதான். பெற்றோரே வீட்டில் மாற்ற முயன்ற இடத்தில் அது 48 சதவிகிதம். பெற்றோரும் முயன்று, வெளியே வைத்தியரிடமோ மதப் பெரியவரிடமோ அழைத்துப் போன இடத்தில் 63 சதவிகிதம். செலவும் செய்து, அலைந்தும் திரிந்து, கடைசியில் கைக்கு வந்தது இது.

கல்யாணம் பண்ணி வைக்கிற யோசனைக்கும் ஒரு வார்த்தை. அதில் அழப்போகிறவர்கள் இரண்டு பேர். இன்னொரு வீட்டுப் பெண்ணையோ பையனையோ மருந்தாகக் கொண்டு வரக் கூடாது. அந்தப் பிள்ளையையும் ஒரு தாய்தானே பெற்றாள்?

மறுபக்கமும் கணக்கெடுத்திருக்கிறார்கள்

இதுவரை சொன்னது பயமாகத்தான் இருக்கும். இனிச் சொல்லப் போவது தெம்பு தரும்.

வீட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2010-ல் ரயன் குழுவினரே இன்னொரு கட்டுரை எழுதினார்கள். தன்மதிப்பு, பொதுவான உடல்நலம் எல்லாமே அவர்களுக்கு நன்றாக இருந்தன. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைந்திருந்தன.

2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா ஆல்சன் குழுவினர், 3 வயது முதல் 12 வயது வரையுள்ள 73 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறந்தபோது எழுதிய பாலினத்துக்கு மாறாகத் தம்மை உணர்ந்த குழந்தைகள் அவர்கள். குடும்பம் அவர்கள் பக்கம் நின்றது. விரும்பிய பெயரிலும் உடையிலும் வளர விட்டது. அந்தக் குழந்தைகளின் மனச்சோர்வு அளவு மற்றக் குழந்தைகளுடையதைப் போலவே சாதாரணமாக இருந்தது. படபடப்பு மட்டும் இம்மி கூடுதல்.

பெயரைப் பற்றி இன்னொரு ஆய்வு உண்டு. 15 முதல் 21 வயதுள்ள 129 பேரிடம், “நீங்கள் தேர்ந்தெடுத்த பெயரால் உங்களை எங்கெல்லாம் கூப்பிடுகிறார்கள்?” என்று ஸ்டீபன் ரஸ்ஸல் என்ற பேராசிரியர் குழு கேட்டது. வீடு, பள்ளி, வேலை செய்யும் இடம், சிநேகிதர் வட்டம் என நாலு இடம். இவற்றில் ஒரே ஓர் இடம் கூடினாலும் தற்கொலை எண்ணம் 29 சதவிகிதம் குறைவாக இருந்தது. தற்கொலைச் செயல்கள் 56 சதவிகிதம் குறைவாக இருந்தன. இது 2018-ல் வந்த முடிவு. வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக் காசா பணமா?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இவற்றில் பல, பிள்ளைகள் தாமே சொன்னதையும் பழைய ஞாபகத்தையும் வைத்துச் செய்தவை. சில நூறு பேரோடு முடிந்தவை. இதனால்தான் அது வந்தது என்று ஒரே ஆய்வை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வருஷங்களில், வேறு வேறு முறைகளில் பார்த்தும் எல்லாக் கைகளும் ஒரே பக்கம் காட்டும்போது நாம் திரும்பிப் பார்க்கத்தானே வேண்டும்?

“அதெல்லாம் அமெரிக்கா. நம்மூருக்கு ஒத்து வருமா?”

நம்மூரில் நடந்ததையே சொல்கிறேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். வீட்டில் எதிர்ப்பு. சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுக்க, இவர்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ்.

இரண்டு பெண்களையும், அவர்களுடைய பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார் நீதிபதி. அதோடு நிற்கவில்லை. இந்த விஷயத்தில் தமக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமே ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்து கொண்டார். அதற்குப் பிறகே 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவு போட்டார். ஒருவருடைய ஈர்ப்பையோ பாலின உணர்வையோ ‘குணப்படுத்துகிறேன்’ என்று வைத்தியம் செய்வதற்கு அந்த உத்தரவு தடை விதித்தது. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது டாக்டர்களின் தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று அறிவித்தது.

இது குற்றம் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு: 2018 செப்டம்பர் 6-ம் தேதியே சுப்ரீம் கோர்ட், வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. திருநங்கையரும் திருநம்பியரும் தம் பாலினத்தைத் தாமே சொல்லிக்கொள்ளும் உரிமையை அதே கோர்ட் 2014-ல் சொன்னது. திருநங்கையருக்காகத் தமிழ்நாட்டில் 2008-லேயே நல வாரியம் அமைத்தார்கள்.

நீதிபதி ஆசனத்தில் இருப்பவரே, “எனக்குத் தெரியவில்லை, கற்றுக் கொள்கிறேன்” என்று சொன்னார். நாம் சொல்வதில் என்ன குறைச்சல்?

சரி, என்னதான் செய்வது?

முதல் பத்து நிமிஷம்: பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கையை அலம்பிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். “எவ்வளவு நாளா இதை மனசுல வச்சுக்கிட்டு இருந்தே?” என்று கேளுங்கள். “எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா நீ என் பிள்ளை, அது மாறாது” என்று சொல்லுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம்.

வாய் தவறிவிட்டால்: பதற்றத்தில் கத்தியிருக்கலாம். மறுநாள் காலையில் காப்பியை நீட்டிக்கொண்டு, “நேத்து நான் பேசினது தப்பு” என்று சொல்லலாம். முழு மனசாக ஏற்க நாளாகலாம். ஆனால் ஒதுக்குவதைக் கொஞ்சம் குறைத்தாலே ஆபத்தும் குறைகிறது என்கிறார் ரயன். ஒரே நாளில் மலையைத் தாண்ட வேண்டியதில்லை.

‘நான் வளர்த்த விதத்தில் தப்போ?’ என்ற கேள்வி: தூக்கி எறியுங்கள். அதிகச் செல்லம் கொடுத்ததாலோ, அப்பா கண்டிப்பாக இருந்ததாலோ இது வருவதாக விஞ்ஞானம் சொல்லவில்லை. மாமியாரோ நாத்தனாரோ உங்கள் தலையில் பழி போட்டால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அப்பாவிடம் யார் சொல்வது? பிள்ளையைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள், வீட்டுக்காரரிடம் கூட. சொல்லும் நேரம் அவனுடையது, அவளுடையது. “நான் கூட இருக்கேன், நீ எப்போ சொல்றியோ அப்போ சொல்லலாம்” என்றால் போதும்.

உறவுக்காரர் பேச்சு: கல்யாண வீட்டில் யாராவது நடையைப் பார்த்துக் கேலி செய்தால், பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். நீங்களும் சேர்ந்து சிரித்தால் அதைவிட அடி வேறில்லை. “எங்க வீட்டுப் பிள்ளையை இப்படிப் பேசாதீங்க” என்ற ஒரு வரி போதும்.

இன்னும் எதுவும் சொல்லாத பிள்ளைகள்: சின்னக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு இது. டி.வி.யில் ஒரு திருநங்கை வந்தால் நாம் என்ன சொல்கிறோம் என்பதை மூலையில் வீட்டுப்பாடம் எழுதும் குழந்தை கேட்டுக் கொண்டுதான் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா என்பதை அது அன்றைக்கே முடிவு செய்துவிடக் கூடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பிள்ளை தூங்காமல் கிடந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, திடீரென்று படிப்பில் பின்தங்கினாலோ, சிநேகிதர்களை விட்டு ஒதுங்கினாலோ, தனக்குப் பிரியமான பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தாலோ, “நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்பது போலப் பேசினாலோ அசட்டையாக இருக்காதீர்கள். “சாகணும்னு தோணுதா கண்ணா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உள்ளே அடைத்துக் கிடப்பது வெளியே வரும்.

ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எதற்காக என்பதில் தெளிவாக இருங்கள்: மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்யத்தான், பிள்ளையின் இயல்பை மாற்ற இல்லை. ‘மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்தப் படியை விட்டு இறங்கி வாருங்கள். மனநலச் சட்டம் 2017, ஈர்ப்பையோ பாலினத்தையோ காட்டி யாருக்கும் சிகிச்சையில் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. அவசரத்துக்கு, மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு மட்டுமில்லை, கலங்கி நிற்கிற தாய்க்கும் அந்த எண் உதவும்.

மறுபடி அடுப்படிக்கு வருவோம். மகன் இன்னும் கதவோரமாகத்தான் நிற்கிறான். டம்ளர் கையில் இருக்கிறது. உங்கள் முகத்தையே பார்க்கிறான். அவன் எத்தனை மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு இந்த நாலு வரியைச் சொன்னானோ, யார் கண்டது? ஊரில் அத்தனை பேர் இருக்க, முதலில் உங்களிடம் வந்திருக்கிறான்.

மாவுப் பாத்திரம் எங்கேயும் போய்விடாது. மூடி வைத்துவிட்டு, “வா, இப்படி உட்காரு” என்று சொல்லுங்கள்.